கரையிலிருந்து ஊருக்குள்: பேத்தமங்கலத்தில் சிறுவர்களோடு ஒரு மரபு நடை

பங்காருபேட்டையிலிருந்தோ தங்கவயலிலிருந்தோ சிறுவர்களைப் பழைய இடம் ஒன்றுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் கோலாருக்குத்தான் வண்டி பிடிக்கிறார்கள். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கோலாரம்மா கோயிலும், விஜயநகரப் பாணித் தூண்கள் நிற்கும் சோமேசுவரர் கோயிலும் அங்கே இருப்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோலார் இன்று ஒரு மாவட்டத் தலைநகரம். கோயில் மதிலைத் தாண்டினால் கடைத்தெருவும் பேருந்து இரைச்சலும்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமம் எதை நம்பி வாழ்ந்தது, அங்கே யார் என்ன வேலை செய்தார்கள் என்பதை அந்தத் தெருவில் நின்று ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. அதனால் இந்த அத்தியாயம் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டரில், பாலாற்றின் குறுக்கே கரை கட்டி உருவான ஏரியின் ஓரம் இருக்கும் பேத்தமங்கலத்தை எடுத்துக்கொள்கிறது. நடையை எங்கே தொடங்குவது என்பதில் ஒரு பிடிவாதமும் இதற்கு உண்டு. கோயிலிலிருந்து தொடங்காதீர்கள், அரசனின் பெயரிலிருந்தும் தொடங்காதீர்கள். ஏரிக்கரையில் ஏறி நின்று தொடங்குங்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அந்த ஊரின் கல்வெட்டுகளே. பேத்தமங்கலத்தின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம்; பாண மன்னன் விஜயாதித்தனின் பெயரைத் தாங்கியது. சுமார் 950இல் நொளம்ப மன்னன் இரிவ நொளம்பன் காலத்தில், உடைந்து போயிருந்த ஏரி திரும்பக் கட்டப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. அது மறுபடி உடைந்தது. 1155இல் ஹொய்சளத் தளபதி சொக்கிமய்யா அதை மீண்டும் கட்டினார். பாணர், நொளம்பர், ஹொய்சளர் என்று மூன்று ஆட்சிகள். நடுவில் சோழர்களும் இந்த நாட்டை ஆண்டு போனார்கள். ஆட்சி மாறியபோதெல்லாம் மாறாமல் திரும்பத் திரும்ப வந்த ஒரே கவலை, ஏரி நிற்குமா என்பது. இந்த ஊரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய செய்திகளில் உறுதியானவை ஓர் உடைப்பும் அதன் செப்பமும், மறுபடி ஓர் உடைப்பும் அதன் செப்பமும்தான். கல்லில் வெட்டியவர்களே ஏரியை முதலில் வைத்திருக்கும்போது, வழிகாட்டி மட்டும் அதைக் கடைசியில் 'அதோ பாருங்கள் ஏரி' என்று கைகாட்டிவிட்டுப் போவது சரியான வாசிப்பு ஆகாது. இது பேத்தமங்கலத்துக்கு மட்டும் உரிய கணக்கும் இல்லை. உத்தரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. சொக்கிமய்யா இங்கே கரையை அடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இலங்கையின் பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பெரிய குளங்களைக் கட்டியும் பழையவற்றைச் செப்பனிட்டும் வந்தான். மழை சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும் நாடுகளில், நீரைத் தேக்கிவைக்கத் தெரிந்த ஊர்தான் ஊராக நீடித்தது.

கரையில் ஏறியதும் வழிகாட்டி பேசத் தொடங்கிவிடக் கூடாது. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பார்க்கட்டும். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வயலும் வீடும். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்தப் பக்கத்து நீர் அந்தப் பக்கம் எப்படிப் போகிறது? கரை மண்ணாலானது, நீர்ப்பக்கம் கல் அடுக்கியது, அகலம் அடியில் அதிகம், உச்சியில் குறைவு என்பதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். அடி ஏன் அகலம் என்பதற்கு விளக்கம் தருவதைவிட ஒரு சோதனை நல்லது. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் மேல், நடு, அடி என்று மூன்று துளைகளை ஒரே ஆணியால் போட்டு எடுத்துப் போங்கள். நீர் ஊற்றித் திறந்தால் அடித் துளையிலிருந்துதான் நீர் மிக வேகமாகப் பீய்ச்சும். பாட்டிலைத் தரையில் வைக்காமல் ஒரு மேடான கல்லின் மேல் வையுங்கள். தரையில் வைத்தால் அடித் துளையின் நீர் உடனே மண்ணைத் தொட்டுவிடும், நடுத் துளையின் நீரே தொலைவில் விழும், பிள்ளைகள் தப்பான முடிவோடு வீடு திரும்புவார்கள். நீரின் ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்பது புரிந்தபின், கரையின் குறுக்குவெட்டை ஒரு குச்சியால் மண்ணில் வரையச் சொன்னால், பாடப்புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகூட அடி அகன்று உச்சி குறுகிய வடிவத்தைச் சரியாக வரையும்.

அடுத்து நிற்க வேண்டிய இடம் கோடி. உபரி நீர் வழிந்தோடும் கலிங்கை இந்தப் பக்கத்தில் கோடி என்பார்கள். ஏரி நிரம்பி வழிவதை 'கோடி போகுது' என்பதுதான் வழக்கு. இந்த நடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே, ஆனால் பெரும்பாலான சுற்றுலாக்களில் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். கரையின் உச்சி உயரமா, கோடி உயரமா என்று கேளுங்கள். கோடி தாழ்வாகத்தான் இருக்கும். ஏன்? மண் கரையின் மேல் நீர் ஏறி வழிந்தால், வயல்பக்கச் சரிவை அது அரித்துக்கொண்டே போய், சில மணி நேரத்தில் கரையை வாய்பிளக்க வைத்துவிடும். அதைத் தடுக்கத்தான், தாங்கக்கூடிய ஓரிடத்தில் கல்லால் ஒரு தாழ்வான வாயிலை விட்டுவைத்தார்கள். கோடி அடைபட்டாலோ அதைக் குறுக்கிவிட்டாலோ, நண்டு, எலி வளைகளைக் கவனிக்காமல் விட்டாலோ ஏரி உடையும். 950க்கு முன்பும் 1155க்கு முன்பும் பேத்தமங்கலம் ஏரி எதனால் உடைந்தது என்று பிள்ளைகளையே ஊகிக்க விடுங்கள். சரியான விடை என்று ஒன்றை அறிவிக்க வேண்டாம். ஊகத்துக்குக் காரணம் சொல்லத் தெரிகிறதா என்பதுதான் இங்கே பாடம்.

அடுத்து, கரையிலிருந்து மதகு தெரியும் இடத்துக்கு வாருங்கள். பழைய ஏரிகளில் மதகு என்பது நீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் துளையிட்ட குறுக்குப் பலகைகள், அந்தத் துளைகளின் வழியே இறங்கும் ஒரு நீண்ட கம்பு, அதன் நுனியில் அடித்துளையை அடைக்கும் குழவி. கம்பைத் தூக்கினால் நீர் கரையின் அடியில் உள்ள குமிழி வழியே வாய்க்காலுக்குப் போகும். தமிழில் தூம்பு என்றும் கன்னடத்தில் தூபு என்றும் சொல்வது இதைத்தான். பிற்காலத்தில் பல ஏரிகளில் இரும்புச் சக்கரக் கதவு வந்துவிட்டது. எது கண்ணில் பட்டாலும் வேலை ஒன்றே. கதவைத் திறக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பது அடுத்த கேள்வி. கோலார்ச் சீமையின் ஊர்களில் நீர்கண்டி என்று ஒருவர் இருந்தார்; யார் வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த முறை என்று பார்த்து நீரைத் திருப்பிவிடுவது அவர் வேலை. வாய்க்காலைப் பின்தொடர்ந்து நடந்தால் நடை தானாக ஊருக்குள் நுழைந்துவிடும். அங்குள்ள விஜயேந்திர சுவாமி கோயிலுக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கோயில் வேறு விதமாகத் தெரியும். தூணின் வேலைப்பாட்டைப் பார்ப்பதோடு, இதைக் கட்டவும் விளக்கெரிக்கவும் நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இடத்தில் அவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள். கோயிலுக்கு நிலம் விட்டதைச் சொல்லும் கல்வெட்டுகளில் ஏரிக்குக் கீழுள்ள நன்செய் ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கும் தனி விளக்கம் தேவைப்படாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, பிள்ளைகளுக்குச் சண்டையும் வீரனும்தான் பிடிக்கும், மதகும் கலிங்கும் பொறியாளர்களுக்கு என்பது. பாதி உண்மை. பிள்ளைகளுக்குச் சண்டை பிடிக்கும். ஆனால் அந்தச் சண்டைகள் எதற்கு நடந்தன என்பதும் இந்த வாய்க்கால்களில்தான் இருக்கிறது. கோலார் மாவட்டம் வீரக்கற்கள் நிறைந்த மண். ஊரோரத்திலும் வயல் வரப்பிலும் நிற்கும் அவற்றில் பல, ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு பொருது இறந்தவர்களுக்கு எடுத்தவை. மாடு இல்லாமல் உழவில்லை, உழவில்லாமல் ஏரிக்கு வேலையில்லை. முன்னதாகவே ஊரைச் சுற்றிப் பார்த்து, பாதையில் அப்படி ஒரு கல் இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லின் கீழ்த்தட்டில் சண்டை, நடுவில் இறந்த வீரனை ஏந்திச் செல்லும் பெண்கள், மேலே தெய்வத்தின் முன் அவன் என்று கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால், எழுத்தறியாத பிள்ளையும் முழுக் கதையையும் சொல்லிவிடும். அதோடு இரண்டு நாய்க் கதைகளும் சொல்லலாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று, இறந்த வீரனோடு கள்ளரைக் கடித்து நின்ற அவன் நாய் கோவிவனையும் பெயரோடு குறிக்கிறது. மண்டியா மாவட்டம் ஆதகூரின் பத்தாம் நூற்றாண்டுக் கல், காட்டுப்பன்றியோடு மோதி மாண்ட காளி என்ற வேட்டை நாய்க்கு எடுத்தது. பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கவயல் பிள்ளைகளில் பலருடைய கொள்ளுத்தாத்தாமார் வடஆர்க்காட்டிலிருந்து வந்தவர்கள். எடுத்தனூர் அந்தப் பழைய மாவட்டத்தில்தான் இருந்தது என்றும் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது மறுப்பு கனமானது: பிள்ளைகளை நீரோரம் கூட்டிப் போவது ஆபத்து. ஆபத்துதான், அதை மழுப்பக் கூடாது. கரை நடையை அதற்காக விட்டுவிடாமல், நிபந்தனைகளோடு செய்ய வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அவர் கையில் கைபேசியோ கேமராவோ இருக்கக் கூடாது. கரையின் உச்சியில் மட்டும் நடை, நீர்ப்பக்கக் கற்களில் யாரும் கால் வைப்பதில்லை, கோடியில் நீர் வழிகிற நாளில் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. மதகுத் தூண்களைக் கரையிலிருந்தே காட்ட வேண்டும். கயிறும் காற்றடித்த ட்யூபும் ஒருவர் கையில் இருக்கட்டும். முந்தின இரவு பெருமழை பெய்திருந்தால் நடையைத் தள்ளிவையுங்கள்; பெற்றோருக்கு அப்படியே சொல்லுங்கள். ஏரிப் பக்கம் போகாதே என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை ஒருநாள் தனியாகப் போகும். எங்கே ஆழம், எங்கே வழுக்கும், சேறு எப்படிக் காலைப் பிடிக்கும் என்று பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லக் கேட்ட பிள்ளை, தனியாகப் போனாலும் தெரிந்து போகும்.

மூன்றாவது மறுப்பைத் தங்கவயல்காரர்கள் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளின் மரபு சுரங்கம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது வரை உள்ள கதையை விட்டுவிட்டு நொளம்பன் எதற்கு? கேள்வி நியாயமானது, சுரங்கத்துக்கு என்று தனி நடை வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இந்த இரண்டும் ஒரே குழாயில் இணைந்திருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தங்கவயலின் தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் போனது. ஆயிரக்கணக்கானவர்கள் பூமிக்கடியில் வேலை செய்த நகரம் ஒன்று, பத்தாம் நூற்றாண்டில் அடைத்துக் கட்டிய கரையை நம்பித் தாகம் தீர்த்தது. சுரங்கக் கழிவான சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளின் தெருக்குழாயில் வந்தது யார் தேக்கிய நீர் என்று தெரிவது அவன் மரபைக் குறைக்காது. பங்காருபேட்டைப் பிள்ளைக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூர்–ஜோலார்பேட்டை ரயில் 1864இல் வந்தபின், தாலுகாவின் தலைமையிடம் பேத்தமங்கலத்தை விட்டு, மைசூர் கமிஷனர் பவுரிங்கின் பெயர் தாங்கிய பவுரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காருபேட்டைக்குப் போனது. ஏரி உண்டாக்கிய ஊரிலிருந்து ரயில் உண்டாக்கிய ஊருக்கு அலுவலகங்கள் இடம்மாறின. வரைபடத்தில் இரண்டையும் ஒரே கோட்டில் குறிக்கச் சொன்னால், ஊர்கள் ஏன் வளர்கின்றன, ஏன் தேய்கின்றன என்பதை ஒரு பிள்ளை அரை மணி நேரத்தில் விவாதிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு மறுப்பை வழிகாட்டி தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். ஏரிப் புகழ்ச்சி மிக எளிதாக முன்னோர் புகழ்ச்சியாக மாறிவிடும். அந்தக் காலத்தில் எல்லாமே ஒழுங்காக இருந்தது, நாம்தான் கெடுத்துவிட்டோம் என்ற பேச்சுக்குப் பிள்ளைகள் சுலபமாகத் தலையாட்டுவார்கள். சான்று அப்படிச் சொல்லவில்லை. இந்த ஏரி குறைந்தது இரண்டு முறை உடைந்தது. உடைந்தபோது வயல் போயிருக்கும், வீடு போயிருக்கும். கட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் இல்லை. மங்கலம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல பிராமணர்களுக்கு நிலம் விட்ட ஊர்களுக்கு உரியவை. அப்படிப்பட்ட ஊர்களில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எந்தத் துறையில் நீர் எடுக்கலாம் என்பதற்குக் கடுமையான வரம்புகள் இருந்தன. இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. சொல்லித்தான் ஆக வேண்டும், அதிலும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளிடம். ஆனால் சொற்பொழிவு வேண்டாம். இந்தக் கல்லில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று கேட்டாலே போதும். டெய்லர் பெயர் தெரிகிறது, சுரங்கத்தில் இறங்கிய உங்கள் தாத்தா பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது என்று அவர்களே அடுத்த அடியை எடுத்து வைப்பார்கள்.

ஏரி வறண்டிருந்தால் என்ன செய்வது? கோலார்ச் சீமையில் இது நடக்கக்கூடியதே. ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்கும் கீழே போன மாவட்டம் இது. வறண்ட ஏரி நடைக்கு இன்னும் நல்லது என்றே சொல்வேன். மதகின் முழு உடலும் தெரியும், கரையின் உள்சரிவு தெரியும், ஏரியின் நடுவில் நின்று கரையை அண்ணாந்து பார்க்கலாம், நீர் அழுத்தத்தைப் பற்றிப் பாட்டிலில் பார்த்ததை அங்கே நின்று நினைத்துப் பார்க்கலாம். சீமைக்கருவேல் மண்டிய வண்டலையும், ஏரிக்கு வரும் வழியை அடைத்தவற்றையும் காட்டலாம். 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகள் பலவற்றுக்கு விடும் திட்டம் நடப்பதையும், அதைச் சிலர் வரவேற்பதையும் சிலர் நீரின் தரம் குறித்து எதிர்ப்பதையும் பெரிய பிள்ளைகளிடம் விவாதத்துக்கு வைக்கலாம். சொக்கிமய்யாவுக்கு இருந்த கவலையின் இன்றைய வடிவம் அது.

மற்றவை சுருக்கமாக. நவம்பர் முதல் ஜனவரி வரை காலை ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. சாய்ந்த வெயிலில் கல்லெழுத்து தெளிவாகத் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று மாவோ சுண்ணாம்போ பூசவே கூடாது, குங்குமமும் எண்ணெயும்கூட வேண்டாம். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். கல்வெட்டின் பாடத்தை முன்கூட்டியே அச்செடுத்து வையுங்கள். கோலார் மாவட்டக் கல்வெட்டுகள் லூயிஸ் ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்நாடிகாவின் பத்தாம் தொகுதியில், 1905இல் வெளிவந்தன. சக ஆண்டு வந்தால் 78ஐக் கூட்டச் சொல்லுங்கள். கிராமப் பஞ்சாயத்திலும் கோயிலிலும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே என்று அப்போதே முடிவு செய்யுங்கள், உள்ளூர்ப் பள்ளியில் கேட்டால் திறந்துவிடுவார்கள். ஊரில் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளையே பேச விடுங்கள், வயதானவர்களை அஜ்ஜா, அஜ்ஜி என்று கூப்பிட்டு வணங்கிவிட்டு, ஏரி கடைசியாக எப்போது கோடி போனது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்கு ஊரில் யாரும் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. பேருந்து தாமதமாகி நேரம் குறைந்துபோனால், கோயிலைத் திரும்பி வரும் இன்னொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம், வீரக்கல்லைக்கூட விடலாம். கோடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.